மாயாற்றங்கரையில் ஜடாயுவின் குலம்

திருக்கழுக்குன்றத்து மலைமேல் நண்பகல் வேளையில் இரண்டு பறவைகள் இறங்கி வந்து அமுதுண்டு சென்ற காட்சியைக் கண்ணாரக் கண்டவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். அடியேனுக்கு அந்தப் பேறு எட்டாவது வயதில் கிட்டியது. பாட்டியின் விரலைப் பற்றிக்கொண்டு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி, வேதகிரீசுவரரைத் தரிசித்துவிட்டு, வெயிலில் தகிக்கும் பாறையருகே கூட்டத்தோடு காத்திருந்தேன். பொங்கல் கிண்ணத்தோடு ஒருவர் பாறையில் அமர்ந்திருந்தார். வானத்தில் முதலில் ஒரு புள்ளி, பிறகு இன்னொன்று. வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட இரு பறவைகள், அழைத்த வீட்டுக்கு வரும் விருந்தினரைப் போல் அவசரமின்றி நடந்து வந்து அவர் கையருகே உண்டன. பாட்டி இரு கைகளையும் தலைக்குமேல் குவித்து நின்றாள். "வயிறார சாப்பிடறதுடா, பாரு" என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

காசியில் நீராடி, கழுக்குன்றத்தில் உண்டு, இராமேசுவரத்துக்குச் செல்பவை அவை என்பது ஐதிகம். யுகத்துக்கு இருவராக முனிவர்கள் கழுகு வடிவில் அம்மலையை வழிபடுவதாகவும், திரேதா யுகத்தில் வழிபட்டவர்கள் சம்பாதியும் ஜடாயுவுமே என்றும் தலபுராணம் கூறும். 1990-களின் இறுதியில் அந்தப் பறவைகள் வருவது நின்றுபோயிற்று. அதற்குப் பின்னரும் சில முறை அம்மலைக்குச் சென்றிருக்கிறேன். பாறை இருக்கிறது, வெயில் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கும் பழக்கம் மட்டும் என் கழுத்தை விட்டுப் போகவில்லை.

சென்ற மாசியில் பொக்காபுரம் மாரியம்மனைத் தரிசிக்க நீலகிரி சென்றபோது, அந்தப் பழைய ஆவல் மீண்டும் தலையெடுத்தது. உதகையில் என் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தோம். "மசினகுடிப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள், அத்திம்பேர். உங்கள் ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்" என்று அவர்தாம் சொல்லியனுப்பினார்.

உதகையிலிருந்து தலைக்குந்தா வழியாகக் கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். அப்பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. உள்ளூர் வண்டியொன்றை அமர்த்திக்கொண்டோம். மற்றவர்கள் கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றி வருவதே உசிதம். மேலே தேயிலையும் குளிருமாக இருந்த உலகம் ஒரு மணி நேரத்துக்குள் முற்றிலும் மாறிவிடுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடி அளவில் பரந்து கிடக்கும் சீகூர்ப் பீடபூமி அது. மழை குறைந்த காடு. முள்மரங்களும் மூங்கிலும் வெளிறிய புல்லும். பின்னால் நீலமலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. வழியில் புள்ளிமான் கூட்டம் ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தது. மயில்கள் ஏராளம். சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவல் ஒன்று சாலையைக் கடந்து, புதருக்குள் புகுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. முருகன் கொடியிலிருந்து இறங்கி வந்தாற்போல் இருக்கிறதென்று என் மனைவி சொன்னாள்.

மசினகுடியிலிருந்து சிறிது தொலைவில், மலையடிவாரத்தில் கோயில்கொண்டிருக்கிறாள் பொக்காபுரத்து அன்னை. மாசித் திருவிழாவின்போது நீலகிரி மாவட்டம் முழுவதிலுமிருந்து மக்கள் திரளாக வந்து கூடுவார்கள். நாங்கள் சென்றது விழாவெல்லாம் முடிந்த ஓர் அமைதியான நாள். எலுமிச்சை மாலை சாத்தி, மனங்குளிரத் தரிசித்தோம். சன்னிதியின் முன் அமர்ந்திருக்கையில் காட்டின் ஒலிகளே வாத்தியமாக இருந்தன. துடுப்புபோல் இரண்டு இறகுகள் வாலில் தொங்கும் கரிச்சான் ஒன்று, மற்றப் பறவைகளின் குரல்களை ஒவ்வொன்றாகப் பாடிக்காட்டிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் இருளர் இனத்தைச் சேர்ந்த நடுவயதினர். காலை ஏழு மணிக்கே வானத்தை ஆராயத் தொடங்கிய என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்பத் தேடாதீங்க ஐயா. வெயில் ஏறி, பாறை சூடாகி, காத்து மேலே கிளம்பினாத்தான் அதுங்க எழும்பும். பெரிய ஒடம்பு பாருங்க. சும்மா இறக்கை அடிச்சுப் பறக்க அதுக்குக் கட்டுப்படியாகாது."

எனக்குச் சட்டென்று கழுக்குன்றத்து நண்பகல் நினைவுக்கு வந்தது. வெயில் உச்சிக்கு வரும் நேரமும் அவை இறங்கி வந்த நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததை இத்தனை ஆண்டுகளில் நான் யோசித்ததே இல்லை.

மசினகுடியிலிருந்து மாயாறு என்னும் சிற்றூருக்குச் செல்லும் சாலையில், வண்டியை விட்டு இறங்காமல் மெல்லச் சென்றோம். இது புலிகள் காப்பகப் பகுதி, யானைகளும் உண்டு. இறங்கி நடப்பது தடை மட்டுமன்று, ஆபத்தும்கூட. சாலைக்கு வடக்கே நிலம் திடீரென்று பிளந்து, அடியில் மாயாறு ஓடுகிறது. வெள்ளைக்காரர்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு 'மைசூர்ப் பள்ளம்' என்று பெயரிட்டிருந்தார்கள். இந்த ஆறு கிழக்கே சென்று பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது.

பதினொரு மணி இருக்கும். "அதோ, ஐயா!" என்றார் வழிகாட்டி.

ஒன்றல்ல, ஏழு. இறக்கையை ஒருமுறைகூட அசைக்காமல், கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டில் வலம் வந்தபடியே ஏறிக்கொண்டிருந்தன. அகன்ற கரிய இறக்கைகளின் அடியில் முன்பக்கமாக ஒரு வெண்பட்டை. ஒன்று சாய்ந்து திரும்பியபோது முதுகின் கீழ்ப்பகுதியில் வெள்ளை பளிச்சிட்டது. வெண்முதுகுப் பாறு என்று பெயர் சொன்னார் வழிகாட்டி. சற்று நேரத்துக்கெல்லாம் தனியாக இன்னொன்று தாழ்வாக வந்தது. சிவந்த தலை, சிவந்த கழுத்து, செம்முகப் பாறு. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நாம் எல்லாவற்றையும் கழுகு என்றே சொல்லிவிடுகிறோம். உயிருள்ளதைப் பிடித்துத் தின்பது கழுகு. இறந்ததை மட்டும் உண்பது பாறு. 'பிணந்தின்னி' என்று முகஞ்சுளித்து ஒதுக்கிய பறவைக்கு நம் முன்னோர் பாறு, எருவை என்று மரியாதையான பெயர்களையே வைத்திருந்தார்கள். வால்மீகி பகவான் ஜடாயுவைக் க்ருத்ரராஜன் என்கிறார். க்ருத்ரம் என்பதும் இதே பறவைதான். இராவணனை வழிமறித்துச் சிறகிழந்து வீழ்ந்த அந்த முதியவருக்கு, தந்தைக்குச் செய்யும் ஈமக்கடனை இராமபிரான் செய்தார். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியும், வைத்தீசுவரன் கோயில் என்று நாம் அழைக்கும் புள்ளிருக்குவேளூரும் அந்தக் கடன் நிகழ்ந்த இடம் தாமே என்று உரிமை கொண்டாடுகின்றன. காட்டில் கேட்பாரற்று இறந்துகிடக்கும் உயிர்களுக்கெல்லாம் கடைசிக் கடமையைச் செய்யும் குலம் அது. அந்தக் குலத்தின் தலைவனுக்குப் பெருமாளே அந்தக் கடமையைச் செய்தார்.

மீண்டும் மாயாற்றுக்கு வருகிறேன். இந்தப் பள்ளத்தாக்கின் உட்புறத்தில் சிறியூர் மாரியம்மன் கோயில் இருக்கிறது. காட்டுக்குள் இருப்பதால், திருவிழாக் காலத்தில்தான் பக்தர்கள் சென்றுவர வழிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்து நீரோடைக் கரைகளில் வானளாவி நிற்கும் நீர்மருத மரங்களின் உச்சியில்தான் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. நீண்ட அலகுடைய மற்றோர் இனம் செங்குத்தான பாறை விளிம்புகளில் கூடு வைக்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. நாம் அம்மனுக்குக் கூழ் வார்க்கவும் மாவிளக்கு ஏற்றவும் செல்லும் மாசி, பங்குனி மாதங்களில் அந்தக் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். மேளத்தையும் வெடியையும் மரங்களிருக்கும் திசையில் குறைத்துக்கொண்டால் அன்னை கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

எங்கும் இல்லாமற்போன பறவை இங்கு மட்டும் எப்படித் தங்கியது என்று கேட்டேன். "புலி அடிச்சுப்போட்ட மான் இருக்கு, காட்டெருமை இருக்கு. அதுல மருந்து இல்லீங்களே" என்றார் வழிகாட்டி.

அந்த மருந்தைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். டைக்குளோபினாக் என்பது வலியும் வீக்கமும் தணிப்பதற்காக மாடுகளுக்குப் போடப்பட்ட ஊசி மருந்து. மருந்து போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்து, அதன் உடலைப் பாறுகள் உண்டால், அவற்றின் சிறுநீரகம் பழுதாகிவிடும். தலை தொங்கி மரத்தில் அமர்ந்திருந்து, பிறகு கீழே விழும். ஓர் உடலை உண்ண ஐம்பது, அறுபது பறவைகள் கூடும் வழக்கம் இருந்ததால், ஒரு மாடே ஒரு கூட்டத்துக்குப் போதுமானதாயிற்று. இதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தது 2004-இல். பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி அது. அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயின. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை அரசு தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாடுகளுக்குப் போடும் வழக்கம் நிற்கவில்லை என்பதால், 2015-இல் குப்பியின் அளவை 3 மில்லி லிட்டராகக் குறைத்தார்கள். அதேபோல் தீங்கு செய்யும் கீட்டோபுரோபென், அசிக்குளோபினாக் ஆகியவையும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் தென்பட்ட பாறுகள் 320. மூன்று மாநிலக் காடுகளுக்கும் சேர்த்து, ஒரு சிற்றூரின் ஜனத்தொகை.

இதை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. 1997-இல் மதுராந்தகத்துக்கு அருகே எங்கள் கிராமத்து வீட்டில் ஒரு பசு கால் வீங்கிப் படுத்துவிட்டது. என் தாயார் பார்த்துப் பார்த்து வளர்த்த பசு. அது முனகுவதை அவளால் தாங்க முடியவில்லை. ஊசி போடுபவரை அழைத்து வந்தவன் நான். "வலி தெரியாமல் ஏதாவது போடுங்கள்" என்று கேட்டவனும் நானே. மூன்றாம் நாள் அது இறந்தது. ஊர்க்கோடிப் பொட்டலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் அதே பொட்டலில், ஒரு மாடு கிடந்தால் பொழுது சாய்வதற்குள் எலும்பு மட்டும் வெள்ளையாக மிஞ்சும். அந்த முறை ஒரு பறவையும் வரவில்லை. நாய்கள் வந்தன. ஒரு வாரம் நாற்றம் அடித்தது. அந்த ஊசியில் இருந்தது எந்த மருந்தென்று நான் அன்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மாலை இறங்கும்வரை அந்தச் சாலையிலேயே இருந்தோம். நான் உள்ளூரத் தேடியது அந்த மஞ்சள் முகத்தை. வழிகாட்டியிடம் கேட்டும் விட்டேன். "அது இங்க அபூர்வம் ஐயா. எப்பவாவது ஒண்ணு, ரெண்டு கண்ணுல படும். இன்னிக்கு உங்களுக்கு இல்லை" என்றார். இரண்டு முறை தொலைவில் ஏதோ வெளிறித் தெரிந்தது. ஒன்று பருந்து, இன்னொன்று மேகத்தின் ஓரம்.

மாயாற்றுப் பக்கம் செல்ல விரும்பும் அன்பர்கள், முதியவர்களாயின் கல்லட்டி இறக்கத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் மூடுபனி உண்டு. மசினகுடியில் எளிய தங்குமிடங்கள் இருக்கின்றன. தொலைநோக்கி இருந்தால் கொண்டு செல்லுங்கள். பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நம் கண்ணைவிட அவர்கள் கண் கூர்மை. காட்டின் ஓரத்தில் உணவை எறியாதீர்கள்.

ஊர் திரும்பிய மறுநாள், என் தாயாரின் திதியை முன்னிட்டு ஆண்டுதோறும் பசுத் தீவனத்துக்குப் பணம் கட்டும் கோசாலைக்குச் சென்றேன். இருபத்தெட்டு பசுக்கள், பாதிக்கு மேல் கறவை நின்ற கிழப்பசுக்கள். ரசீது எழுதிக் கொடுத்த பிள்ளையிடம், மாடுகளுக்கு வலிக்கு என்ன ஊசி போடுகிறீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை போலும். "டாக்டர் வந்து போடுவார், மாமா. பேரெல்லாம் எனக்குத் தெரியாது" என்றான். காத்திருக்கிறேன் என்று சொல்லி, தொழுவத்துத் திண்ணையில் உட்கார்ந்தேன். அவன் உள்ளே போய் அலமாரியைத் திறந்து, இரண்டு குப்பிகளை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒன்று மெலாக்சிகம், பாறுகளுக்குத் தீங்கு செய்யாதது. மற்றொன்றின் சீட்டு ஈரத்தில் ஊறிப் பாதி கிழிந்திருந்தது. டாக்டர் வியாழக்கிழமை வருவார் என்றான். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.