மடிப்பில் தொலைந்த ரூபாய்

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி நிரலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்களிடம் ஒரு சிறு குற்றவுணர்வு இருக்கிறது. அதைச் சொல்வதற்கு நிரல் வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

நாங்கள் மூவர் சேர்ந்து ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியது பிழைப்புக்காக அல்ல. 1990இல் முதல் வரையறை வெளிவந்த மொழி அது. தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயரைத் தாங்கியது. வைத்த மதிப்பை நினைத்தபோதெல்லாம் மாற்றிக்கொள்ள அது இடம் தருவதில்லை. எல்லாவற்றையும் சார்புகளாகவே எழுதச் சொல்கிறது. யாப்பு பழகுகிறவனின் சங்கடமும் சுகமும் அதில் ஒருசேரக் கிடைத்தன.

முதலில் மனதில் தங்கியது ஃபோல்டு. மடிப்பு என்று சொல்லிக்கொண்டோம். பட்டியல் என்பது ஒரு மணியை மீதிச் சரத்தோடு முடிந்து, அடுத்த மணியை அதன் மீதியோடு முடிந்து, இறுதியில் வெறுமையில் போய் நிற்கும் சங்கிலி. வலப்புறமிருந்து மடிப்பதென்றால், முடிச்சு ஒவ்வொன்றையும் நாம் தரும் சார்பாகவும், கடைசி வெறுமையை நாம் தரும் தொடக்க மதிப்பாகவும் மாற்றுவது. அவ்வளவே. கூட்டலையும் 0ஐயும் தந்தால் கூட்டுத்தொகை. பெருக்கலையும் 1ஐயும் தந்தால் பெருக்குத்தொகை. இடப்புறமிருந்தும் மடிக்கலாம். 1, 2, 3 என்ற பட்டியலைக் கழித்தலையும் 0ஐயும் கொண்டு இடமிருந்து மடித்தால் -6 வரும். வலமிருந்து மடித்தால் 2. கூட்டலில் இந்தப் பேதம் தெரிவதில்லை, அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை ஒன்றே.

கற்றதைக் காட்டும் ஆசையில், நாங்கள் உதவிவந்த ஒரு சிறு நூலகத்தின் நன்கொடைக் கணக்கைக் கணினியில் ஏற்றினோம். பல ஆண்டுகளாக அதைக் கையால் எழுதிவந்தவர் ஒரு பெரியவர். எங்கள் நிரல் ஒவ்வொரு வரியையும் எண்ணாக்கிக் கூட்டியது. எண்ணாக்க முடியாத வரியை 0 என்று எடுத்துக்கொண்டது. மடிப்பு நிற்காமல் ஓடவேண்டும் என்பதற்காக நாங்களே செய்த ஏற்பாடு. அவருடைய கூட்டுத்தொகைக்கும் எங்களுடையதற்கும் 1500 ரூபாய் வேறுபட்டது. கணினி தவறுமா?

"நான்தான் எங்கயாவது விட்டிருப்பேன் தம்பி, வயசாச்சுல்ல" என்றார். மறுநாள் தம் பணத்திலிருந்து 1500 ரூபாயைக் கொண்டுவந்து வைத்தார். மாதக் கடைசியில் கணக்கு நோட்டையும் எங்களிடமே ஒப்படைத்துவிட்டார்.

மூன்று மாதங்களுக்குப் பிறகுதான் மோனாடு எங்களுக்கு விளங்கியது. சாதாரணச் சார்புகளைக் கோப்பது எளிது: ஒன்றின் விடையை அடுத்ததற்கு ஊட்டினால் போதும். ஆனால் ஒரு சார்பு, விடையையோ அல்லது 'முடியவில்லை, காரணம் இது' என்ற செய்தியையோ தருமானால், அடுத்த சார்பின் வாயில் அது நுழையாது. இத்தகைய சார்புகளைக் கோக்கும் முறை, 1965இல் கட்டுரை எழுதிய கணிதவியலாளர் ஹைன்ரிஷ் கிளைஸ்லியின் பெயரால் வழங்குகிறது. தோல்வியுறும் கணிப்பு, பல விடை தரும் கணிப்பு, நிலையை மாற்றும் கணிப்பு யாவும் மோனாடு என்ற ஒரே வடிவில் அடங்கும் என்று 1989இல் காட்டியவர் யூஜெனியோ மோஜி. அதை நிரலாளர்களின் கைக்குக் கொண்டுவந்தவர் ஃபிலிப் வாட்லர்.

ஹாஸ்கெலில் இந்தக் கோவைக்குரிய குறி பார்க்க மீன்போல இருக்கும். மீன் குறி என்றே அழைக்கிறார்கள். முதல் சார்பு விடை தந்தால் மீன் அதை அடுத்ததற்குக் கொண்டுசெல்லும். காரணம் தந்தால் அங்கேயே நின்று, அந்தக் காரணத்தையே கடைசிவரை சுமந்துவரும். எதுவும் செய்யாமல் வாங்கியதை அப்படியே தரும் 'ரிட்டர்ன்' என்ற படி, கூட்டலுக்கு 0 போல, இதற்குச் சமனி.

இங்கேதான் மடிப்பு திரும்பி வந்தது. கணக்கின் ஒவ்வொரு வரியும் ஒரு படி: இதுவரையான தொகையை வாங்கிக்கொண்டு, புதிய தொகையையோ பிழையையோ தருவது. அந்தப் படிகளின் பட்டியலை மீன் குறியாலும் ரிட்டர்னாலும் மடித்தால் முழுக் கணக்கும் ஒரே சார்பாகிவிடுகிறது. படிகளின் வரிசையை மாற்றலாகாது. ஆனால் அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறாது. மோனாடின் விதி அதற்கு உறுதி தருகிறது.

எழுதி ஓட்டினோம். கூட்டுத்தொகை வரவில்லை. ஒரு வரியைச் சுட்டி, இது எண்ணல்ல என்றது. பெரியவர் அதில் '1,500' என்று காற்புள்ளியோடு எழுதியிருந்தார். மற்றத் தொகைகளெல்லாம் ஆயிரத்துக்கு உட்பட்டவை.

மோனாடை உவமை சொல்லி விளக்குவது வீண் என்று பிரெண்ட் யோர்கி 2009இல் எழுதினார். உதாரணங்களோடு மல்லுக்கட்டிப் பெற்ற தெளிவை உவமையாகச் சுருக்கி நீட்டினால், வாங்குபவருக்கு உவமை மட்டுமே மிஞ்சும் என்பது அவர் கட்சி. நாங்கள் எத்தனையோ உவமைகளைப் படித்திருந்தோம். அந்தக் காற்புள்ளிதான் விளக்கியது. தோல்வியை 0 ஆக்குவது நிரலுக்குச் சௌகரியம். ஆனால் 0 என்பதும் ஒரு விடை. அது பொய்யாக இருக்கும்போது, யாரோ ஒருவர் அதை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னோம். கவரைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப என் கணக்கு சரிதானே தம்பி?"

"சரிதான் ஐயா."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். நோட்டை மறுபடி வாங்கிக்கொள்ளும்படி எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம். அவர் வாங்கவில்லை.