செம்பா, அலுமினியமா?

மக்களே, ஒரு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. தீசிஸ் ஆணி அதிகம்னு சொன்னா நம்பிடுவீங்க. நெசம் என்னன்னா, சனிக்கிழமை ஆனா டோர்ட்மண்ட் ஹோர்டேல ஒரு பெரியவரோட கராஜ்ல கெடக்கேன்.

பெரியவருக்கு எழுபது தாண்டியாச்சு. இங்க இருந்த இரும்பாலைல வேலை பார்த்தவர். 2001ல ஆலையை மூடி, சீனாக்காரங்க கழட்டி எடுத்துட்டுப் போனாங்க. இப்ப அந்த இடத்துல ஏரி இருக்கு. (ஆமா, ஆலையை ஏரி ஆக்கியிருக்காங்க. நம்மூர்ல ஏரியைத்தான்... சரி விடுங்க.)

அவர்கிட்ட 1931 ஃபோர்டு மாடல் ஏ பாடி ஒண்ணு இருக்கு. அதுல 1950 வாக்குல வந்த ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சினை உக்கார வெச்சு, அமெரிக்கப் பசங்க அந்தக் காலத்துல பண்ணின மாதிரி ஹாட் ராட் பண்றார். எல்லாம் முடிஞ்சது, ரேடியேட்டர் மட்டும் பாக்கி. "நீதான் மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் ஆச்சே, கணக்கு போட்டு எதை வாங்கலாம்னு சொல்லு"ன்னுட்டார்.

விடுவோமா? மாடல் ஏ எஞ்சின் 40 குதிரைசக்தி. அதோட ரேடியேட்டர்ல மேல ஒரு ஹோஸ், கீழ ஒரு ஹோஸ், அழுத்தமே கிடையாது. வி8 100 குதிரைசக்தி. ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி வாட்டர் பம்ப், அதனால மேல ரெண்டு, கீழ ரெண்டு வேணும். போதாக்குறைக்கு இந்த எஞ்சின்ல எக்ஸாஸ்ட் பாதை பிளாக்குக்குள்ளயே போகுது, தண்ணியை இன்னும் சூடாக்கும். முழு ஆக்ஸிலரேட்டர்ல எஞ்சின் தர்ற சக்தி அளவுக்கே, அதாவது 75 கிலோவாட்டுக்குக் குறையாம, தண்ணி வழியா வெளியேத்தணும். ஆக, பழைய ரேடியேட்டர் அவுட்.

வெப்பம் கடத்துறதுல செம்பு அலுமினியத்தை விட ஒசத்திதான். ஆனா அலுமினியத்துல ட்யூபை அகலமா பண்ணலாம், ஃபின்னுக்கும் ட்யூபுக்கும் நடுவுல ஈயம் இல்லை, வெயிட்டும் கம்மி. தீர்ப்பு: அலுமினியம். நாலு பக்கத்துக்கு பிடிஎஃப் வேற!

அந்தப் பெருமையோட அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். நாமக்கல்ல லாரி ரேடியேட்டர் கடை வெச்சிருக்கார், முப்பது வருசமா. எல்லாத்தையும் கேட்டுட்டு, "வேகமா போறப்ப எந்த ரேடியேட்டரும் தாங்கும்டா கண்ணு. நின்னா?"ன்னார்.

பி1 ரோட்டுல சாயங்காலம் அஞ்சு மணிக்கு நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். காத்துக்கு அங்க ஃபேன் மட்டுந்தான் கதி. ஃபேனைச் சுத்தி ஷ்ரௌட் இல்லைன்னா, அது கோர் முழுக்க இழுக்காது. என் நாலு பக்கத்துல ஷ்ரௌட்னு ஒரு வார்த்தை இல்லை.

"ஓட்டை விழுந்தா?" அடுத்த கேள்வி. "செம்பு, பித்தளைன்னா ஈயம் வெச்சு அடைச்சுக்கலாம். எர்த் சரியில்லாத வண்டின்னா அலுமினியம் அரிச்சுப் போயிரும், கழட்டி வீசோணும்."

சரின்னு, "கடைல செம்பு கோர் இருந்தா ஒண்ணு அனுப்பலாமாப்பா?"ன்னேன்.

"இல்ல கண்ணு. பூராவும் எடைக்குப் போட்டாச்சு."

"எப்ப?"

"நீ கெளம்பறப்ப."

விசாவுக்கு முடக்குக் கணக்குல 11,904 யூரோ கட்டணும்னு இங்க வந்தவங்களுக்குத் தெரியும். சீட்டு எடுத்தேன்னுதான் எங்கிட்ட சொல்லியிருந்தார். நான் ஒண்ணும் பேசலை. அவரே, "இப்ப வர்ற லாரியெல்லாம் அலுமினிய கோரு, பிளாஸ்டிக் டேங்க்குதான். அதுக கெடந்தா களிம்புதான் ஏறும்"னார். ஃபோனை வெச்சுட்டார்.

பிடிஎஃப் எங்க போச்சுன்னு கேக்காதீங்க. பெரியவர் 200 யூரோ கூடப் போட்டு, 1932 ஃபோர்டு கிரில் ஷெல்லுக்குள்ள அடங்குற மாதிரி செம்பு கோர், பித்தளை டேங்க் செய்யச் சொன்னார். தகடு வெட்டி ஷ்ரௌட் நானே பண்ணினேன். மூடி 7 பிஎஸ்ஐ; அதுல கொதிநிலை சுமார் 11 டிகிரி ஏறும். அதுக்கு மேல அழுத்தம் குடுத்தா பழைய பாணி டேங்க் தாங்காதுன்னு அப்பா.

போன சனிக்கிழமை தண்ணித் தொட்டில முக்கி காத்து அடிச்சா, கீழ் டேங்க் ஓரத்துல குமிழி. வீடியோ கால்ல அப்பா. "நவச்சாரம் இருக்கா கேளு." எனக்கு அதுக்கு ஜெர்மன் தெரியலை. தேடிப் பாத்து "ஸால்மியாக்"னேன். பெரியவர் டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்துக் கேமரா முன்னாடி காட்டினார். அப்புறம் நான் தேவைப்படலை. அப்பா கொங்குத் தமிழ்ல, அவர் ரூர் ஜெர்மன்ல, "ஆங் ஆங்", "யா யா"ன்னு இருபது நிமிசம். குமிழி நின்னுச்சு.

இப்பத்திக்கு வெறும் தண்ணிதான் ஊத்தியிருக்கோம். பனி வர்றதுக்குள்ள கூலண்ட் மாத்தணும்.