நீல மூடி

கோடை லீவில் ஊட்டிக்குப் போனேன், பெரியம்மா வீட்டுக்குப் போனேன் என்று எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். நான் எங்கேயும் போகவில்லை. எங்க அப்பாவோட பிக்கப் வண்டியில்தான் இருந்தேன். அங்கே நான் செய்த தப்பைத்தான் எழுதப் போகிறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம்.

அப்பா சோளிங்கரில் இருந்து வாலாஜா பக்கம் பெங்களூர் ஹைவே வரை போய் லாரிக்காரர்களுக்கு இரண்டு பொருள் விற்கிறார். ஒன்று, டீசலோடு கலக்கிற அடிட்டிவ். சின்ன பாட்டில். இன்ஜெக்டரில் படிகிற அழுக்கைச் சுத்தம் பண்ணும். இன்னொன்று டி.இ.எஃப். என்கிற 20 லிட்டர் பக்கெட். டிரைவர்கள் அதை 'யூரியா' என்றுதான் சொல்வார்கள். இது டீசலில் கலக்கவே கூடாது. 2020 ஏப்ரலில் இருந்து வருகிற பி.எஸ். 6 லாரிகளில் டீசல் டேங்க் பக்கத்திலேயே இதற்கென்று ஒரு சின்ன டேங்க் உண்டு. அதன் மூடி நீல நிறம்.

பக்கெட்டில் இருப்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பெல்லாம் நீக்கிய சுத்தமான தண்ணீர். 1828-ல் வோலர் தயாரித்தார் என்று வேதியியலில் படிக்கிறோமே, அதே யூரியாதான்! இது புகைக்குழாயின் சூட்டில் அம்மோனியாவாக மாறி, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் ஆக்கிவிடும். 100 லிட்டர் டீசல் எரிந்தால் இது 3 முதல் 5 லிட்டர் வரை செலவாகும். தீர்ந்துபோனால் லாரி இழுக்காது. 2021-ல் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியபோது தென் கொரியாவில் லாரிகள் ஓட முடியாமல் தவித்து, ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்களாம்.

எங்க எதிர்வீட்டுத் தாத்தா, "வயலுக்குப் போடற யூரியாவ தண்ணில கரைச்சு ஊத்த வேண்டியதுதான? எதுக்குடா இவ்ளோ காசு?" என்று கேட்டார். அப்பா சிரித்துவிட்டார். வயல் யூரியாவில் 2015-ல் இருந்து வேப்பெண்ணெய் பூசித்தான் தருகிறார்கள். அதை ஊற்றினால் லாரிக்காரர் நம்மைத் தேடி வீட்டுக்கே வருவார்.

இதையெல்லாம் ஏற்றிப் போவதுதான் பெரிய வேலை. நம்ம ஊர் வெயில் உங்களுக்கே தெரியும். டி.இ.எஃப். 30 டிகிரிக்குள் இருந்தால் ஒரு வருஷம் தாங்கும், 35 என்றால் ஆறு மாதம்தான். அதற்கு மேலே சூடு ஏற ஏற யூரியா சிதையும், திறந்தால் அம்மோனியா வாடை மூக்கில் ஏறும். அதனால் அப்பா விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். தார்ப்பாயை பக்கெட் மேல் ஒட்டவிடாமல் கம்பு கொடுத்துத் தூக்கிக் கட்டுவார். அடிட்டிவ் பாட்டில்கள் தீப்பிடிக்கிற சரக்கு. அவை தனி மரப்பெட்டியில், பக்கெட்டுகளுக்கு எதிர்ப் பக்கம். பித்தளை, செம்பு, நாகப்பூச்சுப் பாத்திரம் எதுவும் டி.இ.எஃப். கிட்டே வரக்கூடாது. சிந்திக் காய்ந்தால் வெள்ளையாய் உப்பு பூக்கும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவணும். புனல்கூட இரண்டு.

மே மாதம் ஒரு நாள், ஹைவே ஓரம் டீக்கடையில் நிறுத்தியிருந்தோம். ஆம்பூரில் இருந்து தோல் ஏற்றி சென்னைக்குப் போகிற இரண்டு லாரி நின்றது. முதல் லாரிக்கு அடிட்டிவ் பாட்டிலை டீசல் டேங்கில் நான்தான் ஊற்றினேன். அப்பா சில்லறை மாற்றப் போனார். அடுத்த டிரைவர், "தம்பி, யூரியா ஒரு பக்கெட் ஊத்துப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். என் கை பழக்கத்தில் அதே மாதிரி டீசல் மூடியையே திறந்தது. மூன்று லிட்டர் போயிருக்கும். புனலில் இருந்து டீசல் வாடை வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் மேலே சாவிக்கொத்து சத்தம்.

"அண்ணா, ஸ்டார்ட் பண்ணாதீங்க!" என்று நான் கத்தியது டீக்கடை வரைக்கும் கேட்டதாம். அப்பா ஓடி வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே போய் சாவியைத்தான் கேட்டு வாங்கினார். இது டீசலை விட கனம், கலக்காமல் அடியில் போய் நிற்கும், பம்ப் முதலில் இழுப்பது அதைத்தான் என்று மெக்கானிக் அப்புறம் சொன்னார். ஒரு தடவை ஸ்டார்ட் ஆகியிருந்தால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போயிருக்கும். அந்தச் செலவுக்கு எங்க வண்டியையே விற்றிருக்கணும்.

டேங்க் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது டீசல் இல்லை, தண்ணி! அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். மிச்ச டீசலையும் எடுத்து, டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புதுசாக 40 லிட்டர் போட்டு, கூலியும் சேர்த்து 5,000 ரூபாய்க்கு மேலே ஆனது. ஒரு பக்கெட்டுக்கு எங்களுக்கு நிற்பது 60, 70 ரூபாய். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்த மாத வண்டித் தவணையை ஷூ கம்பெனியில் வேலை செய்கிற எங்க அம்மாவின் ஓவர்டைம் காசில்தான் கட்டினோம்.

அப்பா அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை. மூன்று நாள் என்னை எழுப்பாமலே கிளம்பிப் போனார். நான் தூங்குகிற மாதிரி படுத்து வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் விடியற்காலை, "டேய், எழுந்திரு, நேரமாவுது" என்று காலைத் தட்டினார். வண்டியில் போய்ப் பார்த்தால் ஒரு புனலுக்கு நீல பெயின்ட் அடித்திருந்தது. நகம் வரைக்கும் அவர் கையெல்லாம் நீலம்.

ஜூனில் அதே லாரி டீக்கடையில் வந்து நின்றது. எனக்குக் கை நடுங்கியது. டிரைவர் அண்ணா இறங்கி வந்தார், நீல மூடியை அவரே திறந்தார். அப்புறம் டீசல் மூடி மேலே உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, "ம்... இப்ப ஊத்துப்பா" என்றார்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவன், சோளிங்கர்