142 அடி

வீரபாண்டி மெயின் ரோட்டு டீக்கடைகளில் காலைப் பேப்பர் முழுசாக யார் கையிலும் இருக்காது. ஆளுக்கொரு தாளாகப் பிரிந்து கிடக்கும். முதல் பக்கம் பெரியவர் ஒருவரிடம், சினிமா பக்கம் காலேஜ் பையனிடம், கொலை கொள்ளைச் செய்தி டீ மாஸ்டரிடம் (அவர் டீயை ஆற்றிக்கொண்டே படிப்பார், அது தனி வித்தை). ஆனால் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டு வாங்கிப் பார்க்கிற தாள் ஒன்று உண்டு. அதன் ஏதோ ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. அவ்வளவுதான் செய்தி.

அந்தக் கட்டத்தில் 130 என்று வந்தால் பேச்சு கொஞ்சம் உற்சாகமாகும். 136 என்றால் கணக்குப் பார்க்காமல் இன்னொரு டீ சொல்வார்கள். 142 என்றால் எங்காவது வெடிச் சத்தம் கேட்கும்.

ஒரு நம்பருக்கு ஏன் இத்தனை மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில் எட்டு கிலோமீட்டர் வந்தால் வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயிலை ஒட்டியே முல்லையாறு ஓடுகிறது. சித்திரைத் திருவிழாவுக்காகக் கோயிலில் அத்திமரக் கம்பம் நடுவார்கள். ஜனங்கள் ஆற்றில் குளித்துவிட்டு அதே ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். தீச்சட்டி எடுப்பவர்களும் ஆயிரங்கண் பானை எடுப்பவர்களும் முதலில் இறங்குவது அந்த ஆற்றில்தான். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை. முல்லைப்பெரியாறு அணையில் தேங்கி, தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் வீரபாண்டியைத் தாண்டி வைகை அணைக்குப் போகிறது. பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல். அணையில் 104 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் சுரங்கத்துக்குத் தண்ணீர் வராது. விதை நெல்லை எடுக்கலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்பதெல்லாம் அந்தத் தீப்பெட்டிக் கட்டத்தைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இதே நம்பரை மலைக்கு அந்தப் பக்கமும் தினமும் படிக்கிறார்கள். அணைக்குக் கீழே பெரியாற்றின் கரையில் வண்டிப்பெரியாறு இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் மலையாள சேனல்களின் அடியில் ஓடுகிற பட்டையில் இதே அடிக்கணக்கு வரும். நம்பர் ஏற ஏற அங்கே தூக்கம் குறையும். இங்கே வெடி வெடிக்கிற 142, அங்கே சர்ட்டிபிகேட்டையும் ரேஷன் கார்டையும் பையில் எடுத்து வைக்கிற 142. இந்த இரண்டையும் ஒரே செய்தியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சொன்ன சேனலைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை அரசும் 999 வருடக் குத்தகை போட்டன. 1895-ல் அணை திறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 152 அடி. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி அணை உடைந்து பெரும் சாவு. அதே வருடம் கேரளப் பத்திரிகைகளில் முல்லைப்பெரியாறு பற்றிய பயம் பெரிதாக, நவம்பரில் மத்திய நீர்வள ஆணையம் தலையிட்டு மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். பலப்படுத்திய பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. தமிழ்நாடு கான்கிரீட் போட்டுப் பலப்படுத்தியது. 2006 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 142 வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரள சட்டசபை அதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது. திரும்பவும் கோர்ட்.

இதெல்லாம் கோர்ட் கட்டுக்குள் இருந்தவரைக்கும் வீரபாண்டிக்காரர்களுக்கு அது பேப்பர் செய்திதான். 2011 நவம்பர், டிசம்பரில்தான் வீட்டுக்குள் வந்தது. எப்படி? டிவி வழியாக.

அந்த வருடம் இடுக்கியில் லேசான நில அதிர்வுகள். மலையாளச் செய்தி சேனல்களில் இரவு பகலாக அணை. உடைந்தால் ஐந்து மாவட்டங்கள் போகும் என்று வரைபடத்தில் நீலம் பரவும். (வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் நின்றால் காய்ந்துபோகும் என்று தமிழ் சேனல்கள் சொன்னதும் ஐந்து மாவட்டங்கள்தான். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்.) சரியாக அந்த நேரம் பார்த்து ‘டேம் 999’ என்று ஒரு படம். அணை உடைகிற கதை. ரிலீசுக்கு முதல் நாள், நவம்பர் 24-ம் தேதி, தமிழ்நாடு அரசு தடை போட்டது. தடை போட்டிருக்காவிட்டால் தேனி ஜில்லாவில் அந்தப் படத்தை எத்தனை பேர் டிக்கெட் எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். தடை வந்த பிறகு படத்தின் பேர் தெரியாதவர் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். சன், கலைஞர், ஜெயா, மக்கள் என்று தமிழ்நாட்டில் கட்சிக்கொரு டிவி. மின்வெட்டு பற்றிக்கூட ஒரே மாதிரி செய்தி வாசிக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் காங்கிரஸ் சார்பில் ஜெய்ஹிந்த், மார்க்சிஸ்ட் பக்கம் கைரளி. அவர்களும் அப்படித்தான். ஆனால் அணை என்று வந்ததும் இங்கே எல்லா டிவிக்கும் ஒரே குரல், அங்கே எல்லா டிவிக்கும் ஒரே குரல். ஒரே கட்சிக்கு மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கொள்கை, அந்தப் பக்கம் நேர் எதிர்க் கொள்கை. டெல்லியில் மட்டும் கொள்கையே இல்லை!

குரலை மாற்றிப் பேசியவர்கள் பட்ட பாட்டையும் பாருங்கள். கேரளத்தின் அட்வகேட் ஜெனரல் தண்டபாணி, டிசம்பர் 2-ம் தேதி அவர்கள் ஹைகோர்ட்டில், நீர்மட்டத்துக்கும் அணையின் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை, உடைந்தாலும் இடுக்கி அணை தாங்கும் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். தமிழ்ப் பேப்பர்களில் அவர் ஹீரோ. கேரளத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கூச்சல். இரண்டு வாரம் கழித்து ப.சிதம்பரம் சென்னையில் பேசும்போது, பிறவம் இடைத்தேர்தலுக்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம் என்றார். அங்கே கொதித்ததும் வாபஸ் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் முழு உண்மை என்றும் சொல்ல முடியாது. ஆற்றங்கரையில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு முழித்திருக்கிற தாய்க்கு எந்த இடைத்தேர்தல்?

இங்கே கூடலூரிலும் கம்பத்திலும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குமுளியை நோக்கிக் கிளம்பினார்கள். எந்தக் கட்சியும் கூப்பிட்டு வந்த கூட்டமில்லை அது. 144 போட்டார்கள், தடியடி நடந்தது, எல்லை மூடியது. கார்த்திகை, மார்கழி என்பது வீரபாண்டிக்கு இரண்டாவது திருவிழா மாதிரி. சபரிமலைக்குப் போகிற சாமிமார்கள் வண்டியை ஓரம் கட்டி, ஆற்றில் முங்கி, அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். அந்த வருடம் அவர்களைச் செங்கோட்டை வழியாகத் திருப்பிவிட்டார்கள். இட்லிக் கடையிலிருந்து பழக்கடை வரைக்கும் சீசன் போச்சு. மலை ஏற வேண்டிய காய்கறி லாரிகளும் நின்றன.

இரண்டு மாநில டிவிகளிலும் கொஞ்ச நேரமே காட்டப்பட்ட ஆட்கள் தோட்டத்துக்குப் போகிறவர்கள். போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து தினமும் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் அடைந்துகொண்டு நெடுங்கண்டம், உடும்பன்சோலை, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்குப் போய்ச் சாயந்திரம் திரும்புகிற பெண்கள். அங்கேயே லயத்தில் தங்கி வேலை பார்க்கிறவர்களும் உண்டு. அந்த டிசம்பரில் மிரட்டலுக்குப் பயந்து காட்டுப் பாதையில் இரவோடு இரவாக நடந்தே இறங்கி வந்த குடும்பங்கள் பல. அதே நாட்களில் இந்தப் பக்கம், இருபது முப்பது வருடமாகக் கடை வைத்திருந்த மலையாளிகளின் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. இங்கே முதலாவது பெரிய செய்தி, இரண்டாவது பொடிச் செய்தி. அங்கே தலைகீழ். அந்தக் கடையில்தான் நேற்றுவரை டீ குடித்தோம் என்பது கல் எடுத்தவர்களுக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? திமுக ஆட்சியில் கொடுத்த இலவச கலர் டிவி ஊரில் வீட்டுக்கு வீடு இருந்தது. அதில் மூன்று வாரமாக என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஏலக்காய் எடுக்கப் போகிற ஒரு அம்மாவுக்கு இரண்டு பக்கமும் தெரியும். மலையாளம் பேசத் தெரியும். தோட்டத்துச் சேச்சி மழை வலுத்தால் அணையை நினைத்துப் பயப்படுவதைக் கண்ணால் பார்த்திருப்பார். தன் வீட்டு வயல் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்ததையும் பார்த்திருப்பார். வெள்ளம் என்றால் மலையாளத்தில் வெறும் தண்ணீர். ‘குறச்சு வெள்ளம்’ என்று சேச்சி கேட்டால் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்று அர்த்தம். தமிழில் அதே சொல்லுக்கு ஊரை அடித்துக்கொண்டு போவது என்று அர்த்தம். இந்த வித்தியாசம் அந்த அம்மாவுக்கு முதல் நாள் வேலையிலேயே புரிந்திருக்கும். ஆனால் எந்த சேனலின் விவாத மேடையிலும் அவருக்கு நாற்காலி போடவில்லை. ரிட்டயர்டு இன்ஜினியர்கள், கட்சிப் பேச்சாளர்கள், ஒரு வக்கீல். அவ்வளவுதான் கோஷ்டி.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. 2012 ஏப்ரலில் நீதிபதி ஆனந்த் கமிட்டி அணை பலமாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. 2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் கேரளச் சட்டத்தை ரத்து செய்தது. நவம்பரில் 35 வருடத்துக்குப் பிறகு அந்தக் கட்டத்தில் 142 வந்தது.

இடையில் பென்னிகுக் சாமியாகிவிட்டார். அணை கட்டிய இன்ஜினியர் மேல் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு எப்போதும் பாசம் உண்டு, பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2011-க்குப் பிறகு அரசியலும் அவரைப் பிடித்துக்கொண்டது. 2013-ல் ஜெயலலிதா லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார். தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். 2022-ல் ஸ்டாலின் அரசு இங்கிலாந்தில் கேம்பர்லியில் சிலை வைத்தது. நடுவில் மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு இடம் பார்த்தபோது, அது பென்னிகுக் வாழ்ந்த வீடு, இடிக்காதே என்று அதிமுக கிளம்பியது. அவர் 1911-லேயே இறந்துவிட்டார், கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது என்று அரசு பதில் சொன்னது. சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையும் அப்படித்தான். மேடையில் சொல்லாதவர் இல்லை. ஆவணம் எங்கே என்று கேட்டால் தேனியில் அடி விழும்! அந்த மனிதர் காட்டிலும் மலேரியாவிலும் கிடந்து எட்டு வருடம் உழைத்தார் என்பதே போதாதா?

பழைய ரீல் இன்னும் ஓடுகிறது. 2018 வெள்ளத்தின்போது முல்லைப்பெரியாறிலிருந்து திடீரென்று திறந்துவிட்டதும் ஒரு காரணம் என்று கேரளம் கோர்ட்டில் சொன்னது. தமிழ்நாடு மறுத்தது. 2021 அக்டோபரில் நடிகர் பிருத்விராஜ் அணையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்று எழுதினார். தேனியில் அவர் உருவபொம்மை எரிந்தது. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தது. அழுது முடிப்பதற்குள் அடுத்தது முல்லைப்பெரியாறு என்று வீடியோக்கள். 2025 மார்ச்சில் அதே பிருத்விராஜ் இயக்கிய ‘எம்புரான்’ படத்தில் அணை பற்றி வசனம் வருகிறது என்று பள்ளத்தாக்கு விவசாயிகள் போராட்டம். சேனலுக்குப் பதில் இப்போது செல்போன், அதுதான் மாற்றம். இரண்டு பக்கமும் அவரவர் பாஷையில் அவரவர் குரூப்பில் பார்க்கிறார்கள்.

ஜீப்புகள் மட்டும் பழையபடி காலையில் ஏறுகின்றன. மழை நாட்களில் தோட்டத்திலிருந்து மேஸ்திரிக்குப் போன் வரும். இன்றைக்கு ஆள் உண்டா, எத்தனை பேர், வழியில் மண் சரிந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கடைசியில் அணையில் எத்தனை அடி என்றும் கேட்பார்கள். மேஸ்திரி பக்கத்தில் இருப்பவரிடம் பேப்பர் தாளை வாங்கிப் பார்த்துச் சொல்வார்.