கல்லூரி வாயில் அடைபட்ட அன்று

2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு மாலை, நம் இல்லத்துக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அன்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். ஒரகடம் தொழிற்பேட்டையில் அவருக்கு இரவுக் காவலர் பணி. வேலைக்குப் புறப்படும் சீருடையிலேயே வந்திருந்தார். மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டை முடித்து மூன்றாம் ஆண்டுக்குக் காத்திருந்தவள். அவள் கையில் ஒரு துணிக்கடைப் பை. மதிப்பெண் பட்டியல், கட்டண ரசீது, வங்கிக் கடிதம் எல்லாம் அதற்குள் ஒன்றாகத் திணிக்கப்பட்டிருந்தன.

“ஐயா, காலேஜ மூடிட்டாங்களாம். கேட்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்கு” என்றார் தந்தை. மகள் ஒன்றும் பேசவில்லை.

முப்பது ஆண்டுகள் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் பணி செய்து ஓய்வு பெற்றோமாதலின், தாள்களோடு நம்மைத் தேடி வருவோர் உண்டு. ஆயினும், படித்த கல்லூரியே இல்லாமற்போன பிள்ளைக்கு என்ன சொல்வதென்று அன்று நமக்கும் உடனே விளங்கவில்லை.

இப்பகுதியின் கதை வாசகர் அறிந்ததே. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை இயங்கலாயிற்று. ஆலைகள் எழுந்த அதே சாலைகளில் பொறியியல் கல்லூரிகளும் எழுந்தன. நெல் விளைந்த நிலத்தில் நான்கு மாடிக் கட்டடம், வாயிலில் வளைவு, வண்ணம் பூசிய பேருந்துகள். மாநிலம் முழுவதிலும் ஐந்நூறைத் தாண்டியிருந்த கல்லூரிகளின் எண்ணிக்கை இன்று 450க்கும் கீழே வந்துவிட்டது. சேர்க்கை குறைந்தது, பல இடங்களில் ஆசிரியர் சம்பளம் நின்றது, பிறகு வாயிலும் அடைபட்டது.

மறுநாள் அப்பெண்ணோடு கல்லூரி வாயிலுக்குச் சென்றோம். மாணாக்கர் நாற்பது பேரளவில் அங்கே கூடிக் குரலெழுப்பிக்கொண்டிருந்தனர். தாளாளர் ஊரில் இல்லை. உள்ளே இருந்தவர் காவலாளி ஒருவரே. அவருக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கியாம். அவரைத் திட்டிப் பயன் என்ன? நம் அன்பர் அன்று அக்கூட்டத்தில் நிற்க மனமின்றிச் சற்று ஒதுங்கியே நின்றார். அவரும் காவலாளியன்றோ!

அப்பிள்ளைகளிடம் நாம் முதலில் சொன்னது ஒன்றுதான். பட்டம் தருவது இந்தக் கட்டடமன்று, அண்ணா பல்கலைக்கழகம். உங்கள் பதிவெண் அங்கே இருக்கிறது. எழுதி முடித்த நான்கு பருவங்களின் மதிப்பெண்களும் அங்கே இருக்கின்றன. வாயிலை அடைத்தவரால் அவற்றை அடைக்க முடியாது. இதைக் கேட்டபோது அப்பெண்ணின் முகத்தில் சற்றே உயிர் வந்தது. இவ்வளவு எளிய செய்தியை இரண்டு ஆண்டுகளில் எவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கல்லூரியை மூடுவதற்கும் முறை உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இருவகை மூடுதலை ஏற்கிறது. புதிதாக எவரையும் சேர்க்காமல், இருப்போர் படித்து முடிக்கும்வரை நடத்திப் படிப்படியாக மூடுவது ஒன்று. உடனே முற்றாக மூடி, இருக்கும் மாணவரை வேறு கல்லூரிகளுக்குப் பகிர்ந்தளிப்பது மற்றொன்று. எதுவாயினும் மாநில அரசும் பல்கலைக்கழகமும் தடையின்மைச் சான்று வழங்க வேண்டும். ஆதலின் வாயிலில் ஒட்டிய தாள் ஒன்றே கல்லூரியை மூடிவிடாது. எவ்வகை மூடுதலுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதைக் கிண்டியிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலும் பல்கலைக்கழகத்திலும் கேட்டறிவதே மாணவரின் முதல் வேலை.

அதற்குள் தரகர்கள் வந்துவிட்டார்கள். “நல்ல கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன், ஐம்பதாயிரம் கொடுங்கள்” என்று ஒருவர் தேநீர்க் கடையிலேயே பேரம் நடத்தினார். தனித்தனியே பயந்திருக்கும் பெற்றோர்தாம் இவர்களுக்கு இரை. ஆகையால் பிள்ளைகளை ஒரே மனுவில் கையொப்பமிடச் செய்தோம். பெயர், பதிவெண், துறை, பருவம் என்று பட்டியலிட்டு, ஒரு படியைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் காஞ்சிபுரம் ஆட்சியரிடமும், மற்றவற்றைக் கிண்டியில் இரு அலுவலகங்களிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினோம். பட்டியலைத் தயாரித்துத் தந்தவர் அக்கல்லூரியின் ஆசிரியர் ஒருவர். பல மாதச் சம்பளம் காணாதவர். தம் பிழைப்புக்கே வழி தேடிக்கொண்டிருந்தவர்.

கூடிச் செல்வதன் பலனை அக்காலத்திலேயே நம் வட்டாரத்தில் கண்டோம். மாமல்லபுரத்தை அடுத்த மணமையில் 2016-17ஆம் கல்வியாண்டில் மாணவரைச் சேர்த்த பொன்னையா ராமஜெயம் மருத்துவக் கல்லூரிக்கு, அடுத்து வந்த ஆண்டுகளில் புதுச் சேர்க்கைக்கு அனுமதி கிட்டவில்லை. மாணவரும் பெற்றோரும் ஒன்றாய் உயர் நீதிமன்றத்தை நாடினர். முடிவில் அப்பிள்ளைகள் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டனர். வழக்கு என்றால் நம்மவர் அஞ்சுவர். பலர் சேர்ந்து போடும் மனுவில் அச்சமும் செலவும் பங்காகிவிடுகின்றன.

மூலச் சான்றிதழ்கள் தனித் தலைவலி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றுகளும் சாதிச் சான்றும் சேர்க்கையன்றே கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டவை. இப்போது பூட்டிய அறைக்குள் இருந்தன. மூலச் சான்றுகளைக் கல்லூரிகள் பிடித்து வைக்கலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இலேயே கூறியது. 2018 அக்டோபரில் மீண்டும் அறிவித்தது. ஆயினும் கேட்காமல் எவரும் தருவதில்லை. மனுவில் இதனையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்தோம். மூன்றாம் வாரத்தில் அலுவலகத்தைத் திறந்து கொடுத்தார்கள். சேர்க்கையன்றே எல்லாவற்றையும் நகலெடுத்து வீட்டில் ஒரு தொகுதி வைத்திருந்தால் பாதிக் கவலை குறைந்திருக்கும்.

எக்கல்லூரிக்கு மாறுவது என்பதிலும் விழிப்பு வேண்டும். பல்கலைக்கழகத்தின் பொதுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இணைப்புக் கல்லூரிகளுக்குள் மாறினால், படித்த தாள்கள் ஏறக்குறைய அப்படியே செல்லும். தன்னாட்சிக் கல்லூரிக்குப் பெயர் பெரிதாயிருக்கலாம். ஆனால் பாடத்திட்டம் அதன் சொந்தம், விடுபட்ட தாள்களைத் தனியே எழுத நேரும். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, ஆதிதிராவிட மாணவருக்கான உதவித்தொகை ஆகியவை புதிய இடத்திலும் தொடருமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நாள்களும் முக்கியம். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டுமே. வீட்டிலிருக்கும் ஒவ்வொரு வாரமும் அக்கணக்கில் இடர்தான்.

கல்விக் கடன் வாங்கியோர் வங்கிக்கு உடனே எழுதுவது நலம். அடுத்த தவணைப் பணம் பழைய கல்லூரியின் கணக்குக்குப் போய்விடக் கூடாது. அமெரிக்காவில் 2016 செப்டம்பரில் ஐ.டி.டி. என்னும் பெரிய தொழிற்கல்வி நிறுவனம் ஒரே நாளில் தன் கிளைகளையெல்லாம் மூடிப் பல்லாயிரம் மாணவரைத் தெருவில் நிறுத்தியது. அங்கே மூடிய பள்ளியின் மாணவர் அரசிடம் பெற்ற கடனைத் தள்ளுபடி செய்யச் சட்டத்தில் வழி இருந்தது. இங்கே கல்லூரி போனாலும் கடன் நிற்கும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கேட்கப்படுவதில்லை என்பதே இங்குள்ள ஆறுதல். படிப்பை விட்டவருக்கு அதுவும் ஐயமே.

இனி, நம்மை மிகவும் வாட்டியதைச் சொல்ல வேண்டும். வேறு ஊரில் கல்லூரி மூடினால் பிள்ளை வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருக்கும். இங்கே அப்படியன்று. விடியற்காலையில் சாலைச் சந்திப்புகள்தோறும் கம்பெனிப் பேருந்துகள் நிற்கின்றன. மின்கம்பங்களில் “டிப்ளமோ, டிகிரி பாஸ் / ஃபெயில், உடனடி வேலை, உணவு, பஸ் இலவசம்” என்னும் தாள்கள். வாயிலில் குரலெழுப்பிய நாற்பது பேரில் பத்துப் பேராவது அவ்வாரமே அப்பேருந்தில் ஏறிவிட்டனர். உழைப்பை நாம் இழிவாகக் கருதவில்லை. நம் பங்கின் பல குடும்பங்கள் அப்பேருந்தால்தான் உண்ணுகின்றன. ஆனால் பதிவெண்ணை வைத்துக்கொண்டு ஏறுவது வேறு, எறிந்துவிட்டு ஏறுவது வேறு.

அவ்வாறு ஏறியவர்களுள் ஒருவன் நமக்கு நெருங்கியவன். தமக்கையின் திருமணக் கடன் வீட்டில் இருந்தது. “ஒரு வருஷம் போயிட்டு வந்து படிச்சிக்கறேன் தாத்தா” என்றான். நீம் என்னும் பயிற்சித் திட்டத்தில் அவனை எடுத்தார்கள். படிப்பை இடையில் விட்டோருக்கும் இடமளித்த அத்திட்டத்தை வகுத்ததும் அதே தொழில்நுட்பக் கல்விக் குழுதான். பின்னாளில் அது நிறுத்தப்பட்டது. பெயரில் பயிற்சி, கையில் உதவித்தொகை, வேலை மட்டும் முழு வேலை. படிப்பு இடைவெளிக்கு முன்னரே விண்ணப்பித்து இசைவு பெறலாம் என்று சொன்னோம். அவன் மனுவில் கையொப்பமிட்டானே தவிர, அதற்குரிய படிவத்தை வாங்கப் போகவில்லை. இரவுப் பணி முடிந்து உறங்கும் நேரத்தில் அல்லவா கிண்டி அலுவலகம் திறந்திருக்கிறது!

அப்பெண் ஆகஸ்டு மாதத்தில் வேறொரு கல்லூரியில் சேர்ந்தாள். நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிப் போனாள். 2020இல் கொரோனாவால் கல்லூரிகள் அனைத்தும் மூடிய காலத்தில், கடைசிப் பருவத் தேர்வைக் கைப்பேசியில் எழுதினாள். இன்று ஒரகடத்தில் ஓர் உதிரிபாக ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். அவளும் கம்பெனிப் பேருந்தில்தான் போகிறாள்.

அவன் 2022 ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாலை மதிப்பெண் பட்டியல்களோடு வந்தான். நான்காண்டுப் படிப்பை முடிக்கப் பதினான்கு பருவங்கள், அதாவது ஏழு ஆண்டுகள் வரைதான் காலம். 2016இல் சேர்ந்தவனுக்கு எஞ்சியவை இரண்டே பருவங்கள். படிக்க வேண்டியவையோ நான்கு. அரியர்த் தாள்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அளிப்பதுண்டு. வகுப்பிலேயே அமராத பருவங்களுக்கு அது உதவாது. நாட்காட்டியின் பின்புறத்தில் இருமுறை எண்ணிப் பார்த்தோம். அவனும் எண்ணினான். நம் இல்லாள் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று.

பட்டியல்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவன், வாயிற்படியில் நின்று, தன் தம்பி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியின் பெயரைக் கூறி, “அங்க வாத்தியாருங்களுக்குச் சம்பளம் மாசாமாசம் ஒழுங்கா வருதான்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க தாத்தா” என்றான்.