விரல்தான் அளவு

மணலி புதுநகரில், பொன்னேரி நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் பட்டறை. ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் அதன் வாசலில் பழைய வண்டிகள் வரிசைகட்டிவிட்டன. பெரும்பாலும் புல்லட்; நடுவில் இரண்டு எஸ்டி, ஒரு ராஜ்தூத். ராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்தவர்கள் இங்கே கூடி, டீ குடித்துவிட்டுப் பழவேற்காடு வரை போவதாகத் திட்டம். வண்டிகளின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் போனது அவற்றை ஓடவைக்கும் மெக்கானிக்கைப் பார்க்க.

புல்லட் இந்தப் பக்கத்துப் பிள்ளை. ராணுவத்துக்கும் போலீசுக்கும் 800 வண்டிகள் வேண்டும் என்று இந்திய அரசு கேட்டதை ஒட்டி, 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970இல் இங்கிலாந்தில் ஆலை மூடியது, திருவொற்றியூரில் வேலை நடந்துகொண்டே இருந்தது. ஆலையில் தொழில் பழகிய ஒருவரின் பட்டறையில் பொடிப்பையனாகச் சேர்ந்து ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தவர்தான் இந்தப் பட்டறைக்காரர்.

“எஞ்சின் ஜில்லுனு இருக்கும்போதுதான் டேப்பட் பாக்கணும் தம்பி. சூடா கொண்டாந்தா தொடமாட்டேன்” என்றார். பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் அழுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடத்துக்குப் பிஸ்டனை மேலே கொண்டுவந்தார். சிலிண்டரின் வலப்பக்க அடியில் உள்ள சின்ன மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு புஷ்ராடுகள். ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார். தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடவே கூடாது. நட்டைத் துளி திருப்பி மறுபடி உருட்டினார். இறுகிவிட்டால் வால்வு சரியாக மூடாது, கம்ப்ரஷன் போகும், நாளடைவில் வால்வே கருகும். தளர்ந்தால் சத்தம். அளவுக் கருவி எதுவும் இல்லை. என்னையும் உருட்டிப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் வழுக்கலில் கம்பி லேசாகச் சுழன்றது. மேலே தூக்கினால் அசையவில்லை.

வெளியே ஒரு கல்லூரி மாணவர் கிக்கரைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டிருந்தார். “நிறுத்துப்பா, திருப்பி அடிச்சா கால் போயிரும்” என்று பட்டறைக்காரர் எழுந்து போனார். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக இறக்கினால், விளக்குக்கு மேலே இருக்கும் அம்மீட்டரில் முள் ஆடும். அது நடுவில் வந்ததும் டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். பிறகு அதை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. வண்டி பிடித்துக்கொண்டது. பையன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

எஸ்டிக்காரர்களின் பாடு வேறு. அந்த வண்டிகளைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் நின்றுபோனது. பாகத்துக்குப் புதுப்பேட்டையைச் சல்லடை போட வேண்டும், இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும். புல்லட்டுக்குப் பாகம் கிடைத்துவிடுகிறது, ஆள்தான் குறைகிறது. 2010ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றது. அடுத்து வந்த ‘யூசிஇ’ வகை எஞ்சினில் டேப்பட் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். கம்பெனி சர்வீஸில் சேரும் இளைஞர்களுக்கு இந்த விரல் வேலையைக் கற்க வேண்டிய அவசியமில்லை. இவர் பட்டறையிலும் இப்போது எடுபிடிக்குப் பையன் கிடையாது.

பழைய புல்லட்டுக்குக் கேட்ட விலை கொடுப்பவர்கள் மெக்கானிக் கூலியில் பேரம் பேசுவதை அன்றும் பார்த்தேன். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த வண்டிக்கு இன்று இருக்கும் மதிப்பில் பாதி இந்த மெக்கானிக்குகளின் கை போட்டது.

ஞாயிறுதோறும் கூடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்ரோலுக்கும் டிபனுக்கும் பணம் போடுகிறீர்கள். அதோடு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பட்டறையில் வேலை பழக வரும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ மாதச் சம்பளம் கொடுங்கள். பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். மெக்கானிக் அண்ணனுக்குக் கை நடுங்காத காலத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும்.