எண்ணெய் எங்கிருந்து வந்தது?



இந்த வாரம் ஓர் அறிக்கையிடுதலோடு உங்களிடம் வருகிறேன். அதற்கு முன் ஓர் ஆயில் ஹோஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறுமையாக வாசியுங்கள்.

சோழவந்தான் குருமனையில் நிற்கும் டீசல் காருக்கு 20 வயது கடந்துவிட்டது. வைகைப் பாலத்தைத் தாண்டி, தென்கரை, மேலக்கால், கோச்சடை வழியாக மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு நடுராத்திரியில் அது எத்தனை பேரைச் சுமந்து சென்றிருக்கிறது என்பது சபையாருக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் அதன் அடியில், எஞ்சினின் பின்பகுதிக்கு நேர்கீழே, கறுத்த எண்ணெய்ச் சொட்டுகளைக் கண்டேன். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் நம் சபையைச் சேர்ந்த ஒரு வாலிபர், மெக்கானிக், எஞ்சின் ஆயில் மாற்றிக் கொடுத்திருந்தார். குனிந்து பார்த்தேன். ஆயில் வடிக்கும் போல்ட்டைச் சுற்றிலும் ஈரம். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, பத்துப் பேர் காதுபட அவரிடம் சொன்னேன்: “தம்பி, கொஞ்சத்தில் உண்மை வேண்டும். ஒரு போல்ட்டைக்கூட ஒழுங்காக முறுக்கவில்லையே.” அவர் என் முகத்தைப் பார்த்தார். “சரியாத்தான் முறுக்குனேன், ஐயா” என்றார். அவ்வளவுதான். மறு ஞாயிறு அவருடைய தாயார் மட்டும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

நானே அந்த போல்ட்டை முறுக்கினேன். சொட்டு நிற்கவில்லை. இன்னும் முறுக்கினேன். பிறகு ஆறு வாரம், சொட்டுகிற அளவுக்கு ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டினேன். அவரிடம் மறுபடி போக மனம் வரவில்லை; வேறொருவரிடம் கொண்டுபோனால் ஊரில் பேச்சாகும். ஒரு சனிக்கிழமை, எஞ்சின் நன்கு ஆறிய பிறகு, நானே இறங்கினேன். (நீங்கள் இப்படிச் செய்வதானால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள்.) மண்ணெண்ணெயும் துணியுமாக அடிப்பகுதி முழுவதையும் துடைத்துக் காயவைத்தேன். ஞாயிறு பள்ளிக் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைப் பொடித்து எங்கும் தூவினேன். மேலக்கால் வரை ஓட்டிவிட்டுத் திரும்பிவந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

போல்ட்டின்மேல் பொடி அப்படியே வெள்ளையாக இருந்தது. முன்பக்கம், ரேடியேட்டருக்கு அருகே, பொடி கறுத்துக் கிடந்தது.

டீசல் எஞ்சினில் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு சூட்டையும் சுமக்கிறது. அந்தச் சூட்டைத் தணிக்கச் சில வண்டிகளில் முன்னால் ஆயில் கூலர் ஒன்று உண்டு. எஞ்சினிலிருந்து ஒரு ஹோஸ் வழியாகக் கொதிக்கும் ஆயில் அங்கே போகும். காற்றில் ஆறி மற்றொன்றின் வழியாகத் திரும்பும். ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் அந்த ரப்பர் இறுகிப்போய், இரும்பு முனை அதைக் கவ்வியிருக்கும் இடத்தில் கசியத் தொடங்கியிருந்தது. நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிட்டால் வியர்வைபோல் கொஞ்சம் கசியும். சாலையில் வேகமெடுக்கும்போது அழுத்தம் கூடிக் கசிவும் கூடும். எதிர்க்காற்று அதை அடிப்பகுதி நெடுகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டுபோய், மிகத் தாழ்வாக இருக்கும் போல்ட்டில் சேர்த்துவிடும். குற்றமற்ற போல்ட் அது.

பத்தொன்பதாம் சங்கீதத்தில் தாவீது மறைவானவைகளிலிருந்து தன்னைச் சுத்திகரிக்கும்படி கேட்கிறார். எபிரெயத்தில் அச்சொல் நிஸ்தாரோத். பிறருக்குத் தெரியாமல் நாம் ஒளித்துவைப்பதை மட்டுமே அது குறிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. செய்தவனுக்கே புலப்படாமல் இருப்பதைத்தான் தாவீது அங்கே பேசுகிறார். இதை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோதுதான் அது என்னைப் பற்றியது என்று உறைத்தது.

ஹோஸைக் கழற்றும்போது இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்றால் கூலரின் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும். இல்லையேல் மென்மையான கூலர் முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். பழைய ஹோஸை மதுரை ஒர்க்‌ஷாப் சாலைக்கு எடுத்துப்போனேன். அறுவடை இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் கடையில், உள்ளே கம்பி வலை பின்னிய, சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் ரப்பரில் அதே நீளத்துக்கு வெட்டி, புதிய முனைகளை இயந்திரத்தில் வைத்துக் கவ்வவைத்துக் கொடுத்தார்கள். மறைகளில் வெள்ளை டேப் சுற்றலாமா என்று கேட்டேன். கடைக்காரர் பதறிவிட்டார். “குழாய் இல்ல சார் இது. டேப்பு துணுக்கு உள்ள போச்சுன்னா எஞ்சின் காலி.” காற்றடித்து உட்புறத்தைச் சுத்தம் செய்தே தந்தார். மாட்டி, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்தபோது எச்சரிக்கை விளக்கு அணையச் சில விநாடிகள் ஆயிற்று. புதிய ஹோஸ் நிரம்பும் வரைக்கும் அப்படித்தான். எனக்கு அது நீண்ட நேரம்.

மறுநாள் திருவிருந்து ஆராதனை. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன ஆண்டவரின் கட்டளையை அறிந்தவன், அன்று மாலையே தென்கரையில் உள்ள அவருடைய பட்டறைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. “கூலரை எதிர்ஸ்பானர் போட்டுப் பிடிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். பிடித்தேன் என்றேன். எழுந்துவந்து குனிந்து பார்த்தார். புது ஹோஸ் ஒரு தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது; பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, கிளிப் போட்டு விலக்கிக் கட்டினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க, ஐயா. இன்னைக்குத் தனியா வந்திருக்கீங்க.”

மறுநாள் திருவிருந்துக்கு முன் சபையார் அனைவருக்கும் முன்பாக அதைச் சொன்னேன். அன்று வாசலில் நின்று கேட்டவர்களில் சிலர் இப்போது சென்னையிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தப் பக்கத்தை அவர்கள் வாசிக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆகவே இங்கேயும் சொல்கிறேன்: அந்த போல்ட் சரியாகவே முறுக்கப்பட்டிருந்தது. தவறு என்னுடையது.

அவர் இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. அடுத்த மாதம் ஆயில் மாற்ற வேண்டும்; காரை அவரிடம்தான் கொண்டுபோகிறேன்.